ஒளிப்பிணைப்பி (ஒளி டிரான்சிஸ்டர் வகை)

ஒளிப்பிணைப்பி என்பது இரண்டு மின்சுற்றுகளைக் கம்பியால் இணைக்காமல், ஒளியின் வழியாக மட்டுமே சைகையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் மின்னணு உறுப்பு. தொழிலில் இருப்பவர்கள் இதை ஆப்டோகப்ளர் என்றும், சுருக்கமாக ஆப்டோ என்றும் சொல்வார்கள். ஒளி புகாத ஒரே உறைக்குள் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி.யும், அதற்கு எதிரே ஒளியை உணரும் சிலிக்கான் சில்லும் இருக்கும். உணரும் சில்லு டிரான்சிஸ்டராக இருந்தால் அது ஒளி டிரான்சிஸ்டர் வகை. ஒளி டையோடு, டார்லிங்டன் இணை, டிரையாக் ஆகியவற்றைக் கொண்ட வகைகளும் உண்டு. மின்சாரத்தைத் தனிமைப்படுத்திக்கொண்டு 'ஆன், ஆஃப்' என்ற இரு நிலைகளை மட்டும் கடத்தும் வேலைக்கு மிகப் பரவலாகப் பயன்படுவது டிரான்சிஸ்டர் வகையே. ஒளியை உணர்வதையும் பெருக்குவதையும் ஒரே டிரான்சிஸ்டர் செய்துவிடுவதால் இதன் விலை குறைவு. இதன் வேகக் குறைவுக்கும் அதே அமைப்புதான் காரணம். இந்த உறுப்பின் வரலாற்றின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையிலான பேரம்தான்.

தனிமைப்படுத்தலின் தேவை

230 வோல்ட் மின்சாரத்தைத் திருத்தினால் கிடைக்கும் உச்ச மின்னழுத்தம் சுமார் 325 வோல்ட். அதே பலகையில் 5 வோல்ட்டில் இயங்கும் நுண்கட்டுப்படுத்தி இருக்கும். அதன் பொத்தானை மனிதர் கை தொடும். இரண்டுக்கும் பொதுவான தரை இணைப்பு இருந்தால், ஒரு பக்கத்தில் நேரும் பழுது மறுபக்கத்தில் உயிராபத்தாக முடியும். உயிருக்கு ஆபத்தில்லாத இடங்களிலும் சிக்கல் உண்டு. தொழிற்சாலையில் 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஓர் உணரியின் தரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தரையும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாடு கம்பியில் மின்னோட்டமாக ஓடி, சைகையோடு இரைச்சலாகக் கலந்துவிடும்.

இதற்கு முன்பே இரண்டு விடைகள் இருந்தன. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின் அடிப்படையில் அமைந்த மின்மாற்றி இரு பக்கங்களையும் பிரித்துவைக்கும். ஆனால் மாறாத நேர்மின் நிலையை அதனால் கடத்த முடியாது. ரிலே அதையும் கடத்தும். ஆனால் அதன் தொடுமுனைகள் தேயும், மூடும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும், சுருளுக்குப் பல பத்து மில்லி ஆம்பியர் தேவைப்படும். அசையும் பாகமும் இல்லாமல், நேர்மின் நிலையையும் விடாமல் கடத்த வேண்டுமானால் மூன்றாவது ஒரு வழி தேவைப்பட்டது.

செலினியத்திலிருந்து விளக்குப் பெட்டி வரை

ஒளி பட்டால் மின்தடை மாறும் என்பது தெரியவந்தது கடலடித் தந்திக் கம்பி வேலையில். கம்பிகளைச் சோதிக்க உயர்ந்த மின்தடை தேவைப்பட்டதால், பிரித்தானியப் பொறியாளர் வில்லோபி ஸ்மித் செலினியக் கோல்களைப் பயன்படுத்தினார். அவற்றின் மின்தடை நிலையாக நிற்கவில்லை. வெளிச்சம் பட்டால் குறைந்தது, மூடிவைத்தால் கூடியது. 1873-இல் அவர் இதை வெளியிட்டார். 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் இதே செலினியத்தை வைத்து, சூரிய ஒளிக்கதிரின் வழியாக 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பிக் காட்டினர். கம்பியில்லாமல் ஒளியின் வழியாகச் சைகையை ஒரு மின்சுற்றுக்குள் சேர்த்த முதல் கருவிகளில் அது ஒன்று.

ஒளிமூலத்தையும் உணரியையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கும் பழக்கம் இசைக் கருவித் தொழிலில் வேரூன்றியது. 1960-களில் ஃபெண்டர் நிறுவனத்தின் கிடார் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் ஒரு நியான் விளக்கும் காட்மியம் கலந்த ஒளித்தடையும் ஒரே குழலுக்குள் வைக்கப்பட்டன. விளக்கு மினுக்கும் தாளத்துக்கு ஏற்ப ஒலியின் அளவு ஏறி இறங்கும். வாக்டெக் நிறுவனம் இவ்வகை உறுப்பை வாக்ட்ரோல் என்ற வணிகப் பெயரில் விற்றது. ஒலிக்கு இவை பொருத்தமாக இருந்தன. எண்முறை வேலைக்கு உதவவில்லை. ஒளித்தடை தன் இருள் நிலைக்குத் திரும்பப் பல மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும்.

ஒளி டிரான்சிஸ்டர்

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதே ஆய்வகத்தின் ஜான் நார்த்ரப் ஷைவ், 1948 தொடக்கத்தில் மெல்லிய ஜெர்மேனிய ஆப்பின் இரு பக்கங்களிலும் தொடுமுனைகளை வைத்து, மின்னூட்டம் பரப்பின் மேல் மட்டுமல்ல, படிகத்தின் உள்ளேயும் பயணிக்கிறது என்று காட்டினார். அடுத்து ஒரு தொடுமுனையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒளியை விழவிட்டார். தொடுமுனை செய்த வேலையை ஒளி செய்தது. இந்த ஒளி டிரான்சிஸ்டரை பெல் ஆய்வகம் 1950-இல் அறிவித்தது. 1950-களில் அமெரிக்கத் தொலைதூரத் தொலைபேசி நிலையங்களில் அழைப்பின் பாதையைத் தீர்மானிக்கத் துளையிட்ட உலோக அட்டைகள் பயன்பட்டன; துளைகள் வழியே வந்த ஒளியைப் படித்தவை ஒளி டிரான்சிஸ்டர்களே.

பின்னாளில் இது சிலிக்கானில் செய்யப்பட்டது. சாதாரண டிரான்சிஸ்டரில் அடிவாய்க்குக் கம்பி வழியாக மின்னோட்டம் தருகிறோம். இங்கே சேகரிப்பானும் அடிவாயும் சேரும் சந்தியில் ஒளி விழுந்து சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். டிரான்சிஸ்டர் அதைத் தன் பெருக்கத்தால் சில நூறு மடங்காக்கித் தரும். உணரி தயாராகிவிட்டது. அதற்கு ஏற்ற, சிறிய, வெப்பமில்லாத, வேகமாக அணையும் ஒளிமூலம்தான் பாக்கி.

கேலியம் ஆர்சனைடும் 1963-உம்

அந்த ஒளிமூலம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1961-இல் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும் கேலியம் ஆர்சனைடு டையோடு ஒன்று மின்னோட்டம் பாயும்போது அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதைக் கண்டனர். 1962 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எஸ்என்எக்ஸ்-100 என்ற பெயரில் அந்த டையோடு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 130 டாலர்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பது இங்கே குறையே இல்லை. சிலிக்கான் மிக நன்றாக உணர்வது ஏறக்குறைய 800 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை; கேலியம் ஆர்சனைடு உமிழ்வதும் அந்த எல்லையில்தான். இரண்டு பொருட்களும் தனித்தனியே வளர்ந்தவை. பொருத்தம் இயற்கையாக அமைந்தது. திண்மநிலை ஒளிமூலத்தையும் அரைக்கடத்தி உணரியையும் இணைத்து மின்தனிமை பெறும் கருத்துக்கு ஆக்மென்கால்ன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1963-இல் காப்புரிமை கோரினர். 1968-இல் அது வழங்கப்பட்டது.

1970-களில் இது பட்டியல் சரக்காகிவிட்டது. ஆறு கால்கள் கொண்ட 4என்25 குடும்பத்தைப் பல நிறுவனங்கள் ஒரே எண்ணில் தயாரித்தன. ஜப்பானிய ஷார்ப் நிறுவனத்தின் நான்கு கால் பிசி817 பின்னர் வந்து, உலகின் மிகப் பரிச்சயமான ஆப்டோக்களில் ஒன்றாயிற்று. பல நிறுவனங்கள் இன்றும் அதே எண்ணைத் தாங்கிய நகல்களை வெளியிடுகின்றன. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் எண்ணைச் சொன்னாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

உள்ளமைப்பும் முக்கிய அளவைகளும்

பிசி817-இல் 1-ஆம் கால் எல்.இ.டி.யின் நேர்முனை, 2 எதிர்முனை, 3 டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பான், 4 சேகரிப்பான். அடிவாய் வெளியே வருவதில்லை. 4என்25-இல் அது 6-ஆம் காலாக வெளியே நீட்டப்பட்டிருக்கிறது. உள்ளே எல்.இ.டி. சில்லும் டிரான்சிஸ்டர் சில்லும் ஒன்றையொன்று பார்த்தபடி அமர்ந்திருக்கும். நடுவில் ஒளி புகும் காப்புப் பொருள். அதைச் சுற்றி வெளிச்சம் நுழையாத பிசின் உறை.

இந்த உறுப்பை மதிப்பிட முதலில் பார்ப்பது மின்னோட்ட மாற்று விகிதம். தொழிலில் இதற்கு சி.டி.ஆர். என்று பெயர். எல்.இ.டி.யில் பாயும் மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் சேகரிப்பானில் கிடைக்கிறது என்பதே இந்த எண். 4என்25-க்கு உறுதியளிக்கப்பட்ட குறைந்த அளவு 20 சதவீதம், 4என்35-க்கு 100. பிசி817-க்கு 5 மில்லி ஆம்பியரில் 50 முதல் 600 சதவீதம் வரை எதுவும் இருக்கலாம். ஒரே எண் கொண்ட இரண்டு சில்லுகளுக்குள் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு இருக்க முடியும் என்பதால் தயாரிப்பாளர்கள் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏ தரம் 80–160, பி 130–260, சி 200–400, டி 300–600.

இந்த விகிதம் நிலையானதும் அல்ல. எல்.இ.டி. மின்னோட்டம் மிகக் குறைந்தால் இதுவும் குறையும். வெப்பம் கூடினால் எல்.இ.டி.யின் ஒளி மங்கும். ஆண்டுக்கணக்கில் எரிந்த எல்.இ.டி. தன் ஒளியில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்துவிடும். ஆகவே அனுபவமுள்ள வடிவமைப்பாளர் தரவுத்தாளில் உள்ள குறைந்தபட்ச எண்ணை எடுத்து, அதையும் பாதியாக்கிக்கொண்டுதான் கணக்குப் போடுவார்.

காப்பைக் குறிக்கும் எண் தனி. பிசி817-இன் இரு பக்கங்களுக்கிடையே 5,000 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது சோதனை. அந்த அழுத்தத்தில் தொடர்ந்து இயக்கலாம் என்பது இதன் பொருள் அல்ல. யுஎல் 1577, ஐஇசி 60747-5-5 ஆகிய தரநிலைகள் இத்தகைய சோதனைகளை வகுக்கின்றன. உள்ளே காப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பலகையின் மேற்பரப்பில் தூசியும் ஈரமும் படிந்தால் மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து போய்விடும். அதனால்தான் ஆப்டோவுக்கு அடியில் பலகையில் நீண்ட பிளவு வெட்டுவது வழக்கம்.

எண்முறை ஸ்விட்சாக ஒரு சுற்று

தொழிற்சாலையின் 24 வோல்ட் சைகையை 5 வோல்ட் நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்றவாறு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். எல்.இ.டி.யோடு தொடராக 4.7 கிலோ ஓம் மின்தடை. எல்.இ.டி.யில் ஏறக்குறைய 1.2 வோல்ட் விழும், மீதி 22.8 வோல்ட் மின்தடையின் மேல். பாயும் மின்னோட்டம் 4.85 மில்லி ஆம்பியர். மின்தடையில் வெப்பமாவது சுமார் 0.11 வாட், கால் வாட் மின்தடை போதும்.

மறுபக்கம், சேகரிப்பானை 10 கிலோ ஓம் மின்தடை வழியே 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டி, உமிழ்ப்பானைத் தரையில் இணைக்கிறோம். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்தால் அதன் மேல் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே நிற்கும், அதற்கு 0.48 மில்லி ஆம்பியர் போதும். விகிதம் 50 சதவீதம் என்றால் கிடைப்பது 2.4, மூப்புக்காகப் பாதியாக்கினால் 1.2. தேவையைப் போல இரண்டரை மடங்கு. எனவே சுற்று இயங்கும். இந்த இணைப்பில் சைகை தலைகீழாகிவிடும்: உள்ளே 24 வோல்ட் வந்தால் வெளியே சுழி. அப்படித் தலைகீழாகக் கூடாது என்றால் மின்தடையை உமிழ்ப்பான் பக்கம் வைத்து அங்கிருந்து வெளியீட்டை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகளின் தரநிலைப்படி 24 வோல்ட் உள்ளீட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 'ஆன்'. 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 'ஆஃப்'. மேலே சொன்ன சுற்றில் 5 வோல்ட் வந்தாலும் எல்.இ.டி.யில் 0.8 மில்லி ஆம்பியர் பாயும். நல்ல சி தரச் சில்லாக இருந்தால் அதுவே டிரான்சிஸ்டரைத் திறக்கப் போதும். 'ஆஃப்' என்று வந்தது 'ஆன்' என்று படிக்கப்படும். பரிகாரம் எளிது: எல்.இ.டி.க்கு இணையாக 1 கிலோ ஓம். உள்ளே 5 வோல்ட் வரும்போது எல்.இ.டி.யின் மேல் 0.88 வோல்ட் மட்டுமே நிற்பதால் அது எரியாது. 24 வோல்ட்டில் 1.2 மில்லி ஆம்பியர் பக்கவழியாகப் போய், 3.65 மில்லி ஆம்பியர் எல்.இ.டி.க்குக் கிடைக்கும். ஆனால் 15 வோல்ட்டில் மிஞ்சுவது 1.7 தான். தரம் பிரிக்காத சில்லைப் போட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். பி தரத்திலிருந்து எடுத்தால் கவலையில்லை.

எல்.இ.டி. தலைகீழ் அழுத்தத்தை 6 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும். கம்பியை மாற்றிக் கட்டும் வாய்ப்புள்ள இடங்களில் ஒரு சாதாரண டையோடை எதிர்த்திசையில் இணையாகப் போடுவார்கள். ஹெச்11ஏஏ1 போன்ற உறுப்புகளில் இரண்டு எல்.இ.டி.க்கள் எதிரெதிராகவே உள்ளன. அவை மாறுமின்சாரத்தை நேரடியாக உணரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுழியைக் கடக்கும் ஒவ்வொரு தருணத்திலும், அதாவது விநாடிக்கு 100 முறை, துடிப்பு தரும்.

வேகத்தின் எல்லை

ஒளியை நன்றாகப் பிடிக்க சேகரிப்பான்–அடிவாய்ச் சந்தியின் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். பரப்பு பெரிதானால் அதன் மின்தேக்குத் திறனும் பெரிதாகும். டிரான்சிஸ்டரின் பெருக்கம் அந்த மின்தேக்குத் திறனையும் பெருக்கிக் காட்டும். தரவுத்தாளில் 100 ஓம் சுமையுடன் 4 மைக்ரோ விநாடி என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பி 10 கிலோ ஓம் சுமையுடன் கட்டினால் அணைவதற்குப் பல பத்து மைக்ரோ விநாடிகளும், சில வேளைகளில் நூறுக்கு மேலும் ஆகும். முழுமையாகத் திறந்த டிரான்சிஸ்டரின் அடிவாயில் தேங்கிய மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் தானாகவே கரைய வேண்டியிருப்பதே காரணம். 4என்25-இன் 6-ஆம் காலிலிருந்து உமிழ்ப்பானுக்கு ஒரு மின்தடை போட்டால் அதற்கு வடிகால் கிடைக்கும். வேகம் கூடும், விகிதம் குறையும்.

1983-இல் வெளியான மிடி தரநிலை இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டியது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ காகெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்த ஏற்பாட்டில், ஒரு நிறுவனத்தின் இசைக் கருவி மற்றொன்றின் கருவியோடு ஐந்து முனைச் செருகி வழியே பேசியது. கருவிகளின் தரைகள் ஒன்று சேர்ந்தால் ஒலிபெருக்கியில் உறுமல் கேட்கும். அதனால் ஒவ்வொரு கருவியின் உள்ளீட்டிலும் ஆப்டோகப்ளர் கட்டாயமாக்கப்பட்டது. கம்பியின் கவச உறை அனுப்பும் முனையில் மட்டுமே தரையோடு சேரும். பாய்வது 5 மில்லி ஆம்பியர். வேகம் விநாடிக்கு 31,250 துண்டுகள் (பிட்டுகள்). ஒரு துண்டுக்கு 32 மைக்ரோ விநாடி. ஏற்ற இறக்கம் 2 மைக்ரோ விநாடிக்குள் முடிய வேண்டும் என்று தரநிலை கேட்டது. சாதாரண ஒளி டிரான்சிஸ்டருக்கு இது எட்டாது. ஷார்ப்பின் பிசி-900, ஹியூலெட்-பேக்கர்டின் 6என்138 ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன.

ஹியூலெட்-பேக்கர்டின் வழி, வேலைகளைப் பிரிப்பது. ஒளியைச் சிறிய டையோடு உணரும். பெருக்குவது தனிப் பகுதி. அதே நிறுவனத்தின் 6என்137 இந்த முறையில் விநாடிக்கு 1 கோடி துண்டுகளை எட்டியது. அதற்கு வெளியீட்டுப் பக்கத்தில் தனி மின்வழங்கல் வேண்டும், விலையும் கூடுதல்.

வேகமாக மாறும் மின்னழுத்தமும் தொல்லை தரும். இரு பக்கங்களுக்கிடையே உள்ள மின்தேக்குத் திறன் 0.6 பிக்கோ ஃபாரட் மட்டுமே. ஆனால் மோட்டார் இயக்கிகளில் மைக்ரோ விநாடிக்கு 10,000 வோல்ட் வீதம் அழுத்தம் தாவும்போது, அந்தச் சிறு திறன் வழியே 6 மில்லி ஆம்பியர் பாயும். எல்.இ.டி.க்குக் கொடுத்ததைவிட அது அதிகம். அதில் ஒரு பங்கு அடிவாயை அடைந்தாலும் டிரான்சிஸ்டர் தவறாகத் திறக்கலாம். வேகமான ஆப்டோக்களில் ஒளியை மட்டும் விட்டு மின்புலத்தைத் தடுக்கும் மெல்லிய கவசம் சேர்க்கப்பட்டது இதனால்தான்.

விண்வெளியில் கிடைத்த பாடம்

எல்.இ.டி. தயாரிப்பில் ஒரு திறமையான முறை, கேலியம் ஆர்சனைடில் சிலிக்கானைக் கலப்பது; ஒரே சிலிக்கான் இரு வகைக் கடத்தலையும் உண்டாக்கும். அப்படிச் செய்தவை ஏறக்குறைய 940 நானோமீட்டரில் நிறைய ஒளி தந்தன. ஆனால் விண்வெளியின் புரோட்டான்கள் படிகத்தின் அணுக்களை இடம்பெயர்த்தபோது, அந்த ஒளி மற்ற வகைகளைவிட வேகமாக மங்கியது. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் கடல் ஆய்வுச் செயற்கைக்கோளில் 4என்49 ஆப்டோகப்ளர்கள் இதே காரணத்தால் பழுதாயின. 1997 பிப்ரவரியில் ஹபிள் தொலைநோக்கியில் புதிய கருவிகள் பொருத்தப்பட்டபின், அது தென் அட்லாண்டிக் மீதுள்ள கதிர்வீச்சுப் பகுதியைக் கடந்தபோது அக்கருவிகளில் கோளாறுகள் தோன்றின. வேகமான ஆப்டோகப்ளரின் உணரியைப் புரோட்டான் தாக்கும்போது, ஒளி வந்ததாகவே அது எடுத்துக்கொண்டது. முன்னது மெல்ல நேர்ந்த தேய்மானம். பின்னது நொடியில் நேரும் தவறான சைகை.

போட்டியாளர்களும் இன்றைய நிலையும்

2000-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் சில்லின் மீதே நுண்ணிய மின்மாற்றிச் சுருளை அமைத்துத் தனிமைப்படுத்திகளை விற்கத் தொடங்கியது. சிலிக்கான் டை-ஆக்சைடை இடையில் வைத்து மின்தேக்கி வழியே கடத்தும் வகைகளும் தொடர்ந்தன. எல்.இ.டி. இல்லாததால் மூப்பு இல்லை. விநாடிக்கு 10 கோடி துண்டுகள் என்பது இவற்றுக்குச் சாதாரணம். வேகமான தரவுத் தடங்களில் ஆப்டோக்கள் இவற்றுக்கு இடம்விட்டு வருகின்றன.

ஆனால் இவற்றுக்கு இரு பக்கமும் மின்வழங்கல் தேவை. ஒளி டிரான்சிஸ்டர் ஆப்டோவின் வெளியீடு வெறும் ஸ்விட்ச். அதற்கென்று தனி வழங்கல் வேண்டாம். 24 வோல்ட் தடத்தில் நேராகச் செருகலாம். உள்ளீட்டில் வரும் மின்னோட்டமே எல்.இ.டி.யை எரிய வைத்துவிடும். பொத்தான், வரம்பு ஸ்விட்ச், அலார உள்ளீடு போன்றவை விநாடிக்குச் சில முறை மாறினாலே அதிகம். அங்கே நூறு மைக்ரோ விநாடித் தாமதத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. செல்பேசி சார்ஜர்களிலும் கணினி மின்வழங்கிகளிலும் டிஎல்431 என்ற ஒப்பீட்டுச் சில்லோடு சேர்ந்து, வெளியீட்டு மின்னழுத்தத்தை முதன்மைப் பக்கத்துக்குத் தெரிவிப்பதும் பெரும்பாலும் இதே நான்கு கால் உறுப்புதான். வெளியீட்டு அழுத்தத்தை அளந்து அறிவிக்க ஆப்டோவே தேவைப்படாத சார்ஜர் வடிவமைப்புகளும் வந்துவிட்டன. அங்கே இதன் இடம் சுருங்குகிறது. தொழிற்சாலை உள்ளீட்டுப் பலகைகளில் அப்படியில்லை. எட்டு அல்லது பதினாறு ஆப்டோக்கள் வரிசையாக அமர்ந்த பலகை இன்றும் புதிதாக வடிவமைக்கப்படுகிறது. அங்கே வடிவமைப்பாளர் பார்ப்பது வேகத்தை அல்ல. குறைந்தபட்ச விகிதம், மூப்பு, பலகையின் மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து கடக்க வேண்டிய தூரமான ஊர்தூரம் ஆகிய மூன்றையும்தான்.